இரண்டு சாம்பல் கட்டங்கள்

8 ஜூலை 2025, செவ்வாய்

சலவை இயந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் என் மேசை. தங்கை காஞ்சனா துணியைப் போட்டுவிட்டால் மேசை நடுங்கத் தொடங்கும். அந்த நாற்பது நிமிடம் வாசிக்க மட்டும் முடியும், எழுத முடியாது.

இன்று நடுக்கத்தின்போது, ஆலையின் இணையதளத்தில் நான் போடும் பதிவுகளுக்குக் கீழே வந்திருந்த கருத்துகளைப் பார்த்தேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கையுறை ஆலைத் தொழிலாளிக்கு, எந்தத் தொட்டிக்கு எந்தக் கட்டளை என்று நான் எழுதும் பதிவைப் பற்றி என்ன கருத்து இருக்கப்போகிறது? ஆனால் இன்று ஒன்று இருந்தது. ‘இராசாத்தி, லைன் 4’ என்ற பெயரில், ஆங்கில எழுத்தில் தமிழ்: “அக்கா, போன்ல வரி ஒடையுது. பாத்து குடுங்க.”

என் கைபேசியில் திறந்தேன். உடையவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூன்றாம் தொட்டியைக் கழுவுவதற்காகக் காலி செய்யும் கட்டளை, kosong tangki-3. பத்தியின் நடுவே, சாம்பல் நிறக் கட்டத்துக்குள் இருக்கிறது. எழுத்து பெரிதானதும் அது திரையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, இடைவெளி இருக்கும் இடத்தில் மடிந்துவிடுகிறது. kosong மேல்வரியின் கடைசியில். tangki-3 கீழ்வரியின் தொடக்கத்தில். சாம்பல் கட்டமும் இரண்டாகப் பிரிந்து, பார்ப்பதற்கு இரண்டு தனிக் கட்டளைகள் மாதிரி இருக்கிறது.

அவலட்சணம்தான். ஆனால் யார் இவ்வளவு பெரிய எழுத்தில் படிக்கிறார்கள்?

“கணினியில் திறந்து பார்க்கவும். நன்றி” என்று பதில் போட்டேன்.

9 ஜூலை, புதன்

காலையில் ரொட்டி சாப்பிடும்போது ஜெயகுமாரிடம் சொன்னேன். தங்கை கணவர், ஆலையின் கணினிப் பிரிவுக்குத் தலைவர், ஆகவே எனக்கும்.

“தம்பி, பதிவு நடுவுல வர்ற கட்டளை மடியாம இருக்க ஒரு விதி சேர்க்கலாம். ஒரே வரிதான்.”

“அக்கா, அந்த டெம்பிளேட் வெண்டர் போட்டது. நாம கைய வச்சா நாளைக்கு சப்போர்ட் இல்லம்பான். அழகெல்லாம் பெறகு பாத்துக்கலாம் லா.”

அழகு. நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

13 ஜூலை, ஞாயிறு

மொத்தம் முந்நூற்று நாற்பது பதிவுகள். பொது விதி வேண்டாமென்றால் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தலாம்தான். திறக்கவில்லை.

17 ஜூலை, வியாழன்

என் வேலை ஒப்பந்தம் ஆகஸ்டு 31 வரை. ஜெயகுமார் இன்று காடி ஓட்டிக்கொண்டே, “ரினியூ பண்ணிரலாம் க்கா, கவலப்படாதீங்க” என்றார். நான் கேட்கவே இல்லை.

கல்லூரியில் பதினாறு வருடம் கணினியியல் நடத்தினேன். கல்லூரியை மூடினார்கள். ‘கொஞ்ச நாளைக்கு’ என்று பாக்கார் ஆராங்கில் தங்கை வீட்டுக்கு வந்தேன். மூன்று வருடமாகிறது. இருக்க இடம் இவருடையது, வேலை இவர் கொடுத்தது. ஞாயிறும் வியாழனும் ஆலைக்குப் போவதும் இவர் காடியில். வாடகை வாங்க மறுக்கிறார்கள். வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

24 ஜூலை, வியாழன்

அவசரமாக எழுதுகிறேன்.

மதியம் பன்னிரண்டரைக்கு லைன் 4இன் நான்கு தொட்டிகளும் ஒரே நேரத்தில் காலியாகின. மூன்றாவதை மட்டும் கழுவ வேண்டிய நாள் இது. நான்கிலும் இருந்த ரப்பர்ப் பால் முழுவதும் கழிவுக் குளத்துக்குப் போய்விட்டது. மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்தோம். குளம் முழுக்க வெள்ளை. யாருக்கும் அடிபடவில்லை. லைன் நின்றுவிட்டது.

கீழே போய் வந்த எழுத்தர் சொன்னார்: “ஆப்பரேட்டர் கொசோங்னு மட்டும் அடிச்சு என்டர் தட்டியிருக்கான். நம்பர் போடல.”

கொசோங் என்றால் மலாயில் காலி. கட்டளையாக, காலி செய். எண் கொடுக்காவிட்டால் எல்லாத் தொட்டியும் என்று எடுத்துக்கொள்ளும்படி யாரோ பத்து வருடத்துக்கு முன் நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். உறுதியா என்று ஒரு கேள்வி கூடக் கேட்காது.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அது நிஜம். பிறகு யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று இந்த நோட்டில் எழுதிவைக்கக் கூடாது. அந்த நொடியே தெரிந்தது.

மேசைக்கு வந்தேன். பதிவைத் திறந்தேன். இரண்டு சொற்களுக்கு நடுவே இருந்த சாதாரண இடைவெளியை எடுத்துவிட்டு, மடியாத இடைவெளியைப் போட்டேன். சேமித்தேன். இரண்டு நிமிட வேலை.

ஏன் செய்தேன்? இன்னொருவர் ஏமாறக் கூடாது என்று. அதுவும் உண்மை. வேறொன்றும் உண்மை.

25 ஜூலை, வெள்ளி

விடுமுறை. காஞ்சனா மீன் கறி வைத்திருந்தாள். ஜெயகுமார் தட்டில் கை வைத்தபடியே கதை சொன்னார். அந்த ஆளின் பெயர் அழகேசன். பதினெட்டு வருடமாக அங்கே இருக்கிறானாம். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆகஸ்டு 7இல் விசாரணை.

“போஸ்ட்ல இருந்த மாதிரிதான் அடிச்சேன்னு சாதிக்கிறான் லா. போஸ்ட்ல என்னா, கொசோங்னு மட்டுமா இருக்கு? நேத்து மூணு மணிக்கு நானே தொறந்து பாத்துட்டேன். ஒரே வரியில சுத்தமா இருக்கு.”

“பாவம்ங்க” என்றாள் காஞ்சனா.

“என்னா பாவம்? போஸ்ட பிரிண்ட் எடுத்து வச்சா வேல முடிஞ்சது. அக்கா, அத நீங்க எடுத்துக் குடுத்துருங்க.”

மூன்று மணிக்குப் பார்த்திருக்கிறார். நான் திருத்தியது இரண்டே முக்காலுக்கு.

மீன் முள் ஒன்று தொண்டையில் சிக்கியதுபோல் நடித்துவிட்டு எழுந்து வந்தேன். இந்த வயதில்.

27 ஜூலை, ஞாயிறு

அவசரத்தில் செய்த திருத்தமும் தப்பு.

மேற்பார்வையாளர் ஒருவர் தன் அறைக் கணினியில் அந்தப் பதிவைத் திறந்து, கட்டளையை நகலெடுத்து ஒட்டியிருக்கிறார். ‘கட்டளை தெரியவில்லை’ என்று வந்திருக்கிறது. வரத்தான் செய்யும். மடியாத இடைவெளி கண்ணுக்கு இடைவெளிதான். இயந்திரத்துக்கு அது வேறு ஏதோ ஓர் எழுத்து. முதலாண்டு மாணவிக்கு நானே சொல்லிக்கொடுத்திருப்பேன்.

மறுபடி திறந்து, சாதாரண இடைவெளியையே திரும்ப வைத்து, அந்தக் கட்டத்தைச் சுற்றி மட்டும் ‘மடிக்காதே’ என்ற விதியைப் போட்டேன். இனி நகலெடுத்தாலும் சரி, கைபேசியில் பார்த்தாலும் சரி. இதை 8ஆம் தேதி செய்திருக்கலாம்.

பதிவின் வரலாற்றில் இப்போது இரண்டு வரிகள். உமாராணி, 24 ஜூலை, 2.47. உமாராணி, 27 ஜூலை, 11.05. அழிக்க முடியாது. யாராவது தேடினால்தான் தெரியும். தேட வேண்டியவர் ஜெயகுமார்.

என் நிலையை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். நான் பேசாவிட்டால் அந்த ஆளுக்கு வேலை போகும். பேசினால், முதலில் கேட்கப்போவது: தெரிந்திருந்தும் ஏன் சரிசெய்யவில்லை? அடுத்தது: விபத்து நடந்து இரண்டேகால் மணி நேரத்தில் எதற்காகப் பக்கத்தை மாற்றினாய்? மூன்றாவது: பொது விதி வேண்டாமென்று சொன்னது யார்?

மூன்றாவதற்குப் பதில் சொன்னால், சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிர் நாற்காலியில் இருக்கிறவர்.

31 ஜூலை, வியாழன்

இராசாத்தியைப் பார்த்தேன். கருத்து எழுதிய இராசாத்தி. நான் தேடிப் போகவில்லை. காண்டீனில் அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் இன்னும் வலைத்தொப்பி.

“நீங்கதானே போஸ்ட் எழுதுற உமா அக்கா? நான்தான் அன்னைக்கு வரி ஒடையுதுனு போட்டேன்.”

“ஆமாம், ஞாபகம் இருக்கு.”

“கம்ப்யூட்டர்ல பாருங்கனு சொன்னீங்க.” சிரித்தாள். “எந்த கம்ப்யூட்டர் க்கா? சூப்பர்வைசர் ரூம்ல ஒண்ணு இருக்கு. அதுல அவர் கிரிக்கெட் பாப்பாரு.”

அவள் காப்பியை ஒரே மடக்கில் முடித்துவிட்டு, “வாங்க, ஒண்ணு காட்டறேன்” என்றாள்.

மூன்று வருடமாக இந்த ஆலைக்கு வருகிறேன். லாக்கர் வரிசை இருக்கும் நடைக்கு இன்றுதான் முதல் தடவை போனேன். உள்ளே கைபேசி கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் பூட்டிவிட வேண்டும். அதனால் ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரும் அங்கே நிற்கிறார்கள். இடது கையில் கைபேசி, லாக்கர்க் கதவின் மேல் கையுறைப் பெட்டியிலிருந்து கிழித்த அட்டைத் துண்டு. பதிவைப் பார்த்து அன்றைய கட்டளைகளை எழுதிக்கொள்கிறார்கள். அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போகிறார்கள். எழுதினது எழுதினபடி இயந்திரத்தில் அடிக்கிறார்கள். ஒரு வரி, என்டர். அடுத்த வரி, என்டர்.

பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏதோ பரீட்சைக்கூடம் மாதிரி இருந்தது.

“அழகேசன் அண்ணன் அப்படி எழுதுறவரு இல்ல க்கா. அதாவது, தப்பா எழுதுறவரு இல்ல. எழுத்து எப்படி இருக்கோ அப்படியே எழுதுவாரு. எங்களுக்கே கிண்டலா இருக்கும், காமா வரைக்கும் போடுவாரு.”

“நீங்க எப்படி எழுதுவீங்க?”

“நான் ஒண்ணா சேத்துருவேன். எனக்கு அந்தக் கட்டள மனப்பாடம். அவரு இந்த மாசந்தான் தொட்டி கழுவுற வேலைக்கு வந்தாரு. புதுசு.” லாக்கரைப் பூட்டினாள். “நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க. நான் என்னாத்த சொல்றது?”

1 ஆகஸ்டு, வெள்ளி

கிராப் டாக்ஸி பிடித்துக் கரங்கானில் இருக்கும் அழகேசன் வீட்டுக்குப் போனேன். வீட்டில் பல் டாக்டர் என்று சொன்னேன்.

தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை. பின்னால் செம்பனைத் தோட்டம். அழகேசன் வாசலில் மோட்டோ சைக்கிளைக் கழற்றிப் போட்டு எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஆலையிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து நின்று, துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“லெட்டர் கொண்டாந்தீங்களா மேடம்?”

இல்லை என்றேன். பதிவு எழுதுகிறவள் என்றேன். முகம் மாறவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மைலோ கலக்கித் தரச் சொன்னார். மனைவி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். போகவில்லை.

அவருடைய கைபேசியைக் கேட்டு வாங்கினேன். எழுத்து ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு. போன வருடம் இடது கண்ணில் அறுவை நடந்ததாம். டாக்டர் கொடுத்த கண்ணாடி வேலையிடத்தில் பனிமூட்டம் மாதிரி ஆகிவிடுகிறது என்பதால் போடுவதில்லை.

பதிவைத் திறந்தேன். ஒரே சாம்பல் கட்டம், ஒரே வரி. இப்போது சரியாக இருக்கிறது.

“பாத்தீங்களா மேடம், இப்ப ஒண்ணா இருக்கு” என்றார். “அன்னைக்கு ரெண்டா இருந்துச்சு. என் கண்ணு மேல சத்தியமா ரெண்டு கட்டம். சாம்பல் கலருல. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. என் வீட்டுக்காரியே இப்ப நம்ப மாட்டேங்கிறா. ஒங்களுக்குக் கண்ணு சரியில்லங்கிறா.”

திரைச்சீலை அசைந்தது.

“ரெண்டா இருந்தாலும் சேர்த்து எழுதணும்னு தோணலயா?”

“தோணுச்சு மேடம். ஆனா நாமளா சேக்கக் கூடாதுல்ல? போஸ்ட்லயே மேல எழுதியிருக்கே, உள்ளது உள்ளபடியே எழுதணும், சொந்தமா எதையும் மாத்தக் கூடாதுனு. செவப்புல.”

அந்தச் சிவப்பு வரியை எழுதியது நான்தான். எல்லாப் பதிவின் தலையிலும். எனக்குப் பிடித்த வரி அது.

மைலோவைக் குடித்து முடித்தேன். நான்தான் மாற்றினேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. “பார்க்கிறேன்” என்று மட்டும் சொன்னேன். என்னத்தப் பாக்குற நீ? அவர் கண் சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு சொல் சொல்ல முடியவில்லை, அந்தப் பெண்ணுக்காவது கேட்டிருக்கும்.

கிராப் வரும் வரை மனுசன் கூடவே வெயிலில் நின்றார்.

2 ஆகஸ்டு, சனி

காஞ்சனாவிடம் சொல்லிவிட்டேன். அவளுக்குத் தெரியாமலே ஒரு கூரையின் கீழ் இருக்க முடியவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“நீ பேசினா மொதல்ல மாட்டறது அவருதான். டெம்பிளேட் வேணாம்னது அவரு. ஒன்ன வேலைக்கு வச்சதும் அவரு. சொந்தக்காரிய வச்சாருனு ஏற்கனவே ஆபீஸ்ல பேச்சு இருக்கு, தெரியுமா?”

“அந்த ஆளுக்குப் பதினெட்டு வருசம் காஞ்சனா.”

“தெரியும். நான் கல்லா? ஆனா அவரு ஒண்ணும் கெட்ட ஆளு இல்லக்கா. அவருக்கு நெஜமாவே தெரியாது. இப்ப நீ சொன்னா தெரிஞ்சதா ஆயிரும். சொல்லாத.” பிறகு, மெதுவாக: “சொல்லிட்டு எங்கக்கா போவ?”

மிரட்டலாகச் சொல்லவில்லை. நிஜமான கவலையில் கேட்டாள்.

5 ஆகஸ்டு, செவ்வாய்

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஜெயகுமார் காகிதத்தை வீட்டுக்கே கொண்டுவந்தார். பதிவின் அச்சுப்படி. அதன் கீழே மலாயில் ஒரு வாக்கியம்: இது சம்பந்தப்பட்ட பதிவின் சரியான நகல் என உறுதிப்படுத்துகிறேன். தேதி குறிப்பிடவில்லை. எந்த நாளின் நகல் என்று இல்லை. ஆகவே பொய் இல்லை. என் மூளை அதை எவ்வளவு வேகமாகக் கண்டுபிடித்தது!

“பொய் ஒண்ணும் இல்லயே க்கா. போஸ்ட் இதுதானே?”

காஞ்சனா அடுப்படியில் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பேனாவையும் அவரே கொடுத்தார்.

6 ஆகஸ்டு, புதன்

விசாரணை நாளைக்குப் பத்து மணிக்கு. நான் வெறுமனே உட்கார்ந்திருந்தால் போதும் என்கிறார் ஜெயகுமார்.

7 ஆகஸ்டு, வியாழன்

விட்டுவிடாமல் வரிசையாக எழுத வேண்டும்.

மேல்மாடிக் கூட்ட அறை. மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மலாய் அம்மையார், உற்பத்திப் பிரிவுத் தலைவர், ஜெயகுமார், ஓரத்தில் நான். அழகேசன் எதிரில் தனி நாற்காலியில். வெள்ளைச் சட்டை, பித்தான் கழுத்துவரை போட்டிருந்தார். பேச்செல்லாம் மலாயில்; அந்த அம்மையாரை எல்லோரும் ‘புவான்’ என்றே அழைத்தார்கள்.

அவருடைய அட்டைத் துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசைமேல் வைத்திருந்தார்கள். பெரிய, கவனமான எழுத்து. kosong ஒரு வரி. tangki-3 அடுத்த வரி. பக்கத்திலேயே என் கையெழுத்துப் போட்ட காகிதம். ஒரே வரி.

“இதில் ஒரே வரியாக இருக்கிறது. நீங்கள் ஏன் இரண்டாக எழுதினீர்கள்?”

“கைபேசியில் இரண்டாக இருந்தது, புவான்.”

“இந்தக் காகிதத்தைப் பாருங்கள்.”

“பார்த்தேன், புவான். என் கண்தான் தப்பாக இருக்கும்.”

அதைச் சொல்லிவிட்டார். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. காகிதத்தைப் பார்த்துவிட்டு, தன் கண்ணையே விட்டுக்கொடுத்துவிட்டார்.

அம்மையார் என் பக்கம் திரும்பி, “பதிவு இப்படித்தான் இருந்தது, இல்லையா?” என்றார். கேள்வி கூட இல்லை; எழுதிக்கொண்டே சொன்னார்.

நான், “இன்று அப்படி இருக்கிறது” என்றேன்.

பேனா நின்றது. ஜெயகுமார், “அக்கா” என்றார், தமிழில், மெதுவாக.

சுவரில் படம் காட்டிக்கொண்டிருந்த மடிக்கணினியைக் கேட்டேன். கொடுத்தார்கள். பதிவின் வரலாற்றைத் திறந்து, 24ஆம் தேதி காலை இருந்த வடிவத்தை எடுத்தேன். அதுவும் ஒரே வரியாகத்தான் தெரிந்தது, அகலமான திரை. உற்பத்தித் தலைவர், “அதே தானே?” என்றார். எழுத்தை அழகேசன் வைத்திருந்த அளவுக்குப் பெரிதாக்கினேன். பிறகு உலாவிச் சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து, கைபேசியின் அகலம் வரும் வரை மெல்ல உள்ளே தள்ளினேன். சுவரில் சொற்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சாம்பல் கட்டம் ஓரத்துக்கு வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். இரண்டாகப் பிரிந்தது.

உற்பத்தித் தலைவர் முன்னால் சாய்ந்து பார்த்தார்.

“இன்னொரு முறை” என்றார் அம்மையார்.

அகலமாக்கி, மறுபடி குறுக்கினேன். மறுபடி பிரிந்தது. மூன்றாம் முறை அவரே எழுந்து வந்து செய்து பார்த்தார். அட்டையை எடுத்துச் சுவருக்கு நேராகப் பிடித்தார். மேல் ஒன்று, கீழ் ஒன்று.

திரையின் வலப்பக்கம் வரலாறு திறந்தே இருந்தது. மூடியிருக்கலாம். மூடவில்லை. அவர் அதைச் சத்தமாக வாசித்தார்: “24 ஜூலை, 2.47. உமாராணி. இது யார்?”

“நான்தான்.”

“விபத்துக்குப் பிறகு.”

“ஆமாம்.”

“இப்படி மடியும் என்று முன்பே தெரியுமா?”

இராசாத்தியின் கருத்தையும் என் பதிலையும் திறந்து காட்டினேன். ‘கணினியில் திறந்து பார்க்கவும். நன்றி.’ சுவர் அளவுக்கு இருந்தது அந்த நன்றி.

பொது விதி பற்றியும் கேட்டார். யார் வேண்டாம் என்றது? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜெயகுமார், “நான்” என்று சொல்லிவிட்டார். மேசையைப் பார்த்தபடி.

அழகேசன் சுவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா என்று தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமை தன் வீட்டில் உட்கார்ந்து மைலோ குடித்தவள் இவள்தானா என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

திரும்பி வருவதும் அவர் காடியில்தான். வேறு எப்படி? ஐம்பது நிமிடம். பாடாங் செராய் சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஒரே ஒரு பேச்சு: “பெல்ட் போடுங்க.”

8 ஆகஸ்டு, வெள்ளி

அறையிலேயே இருந்தேன். காஞ்சனா கதவைத் தட்டி, “சோறு மூடி வச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு திரும்பி வந்தாள்.

“நீ நல்லவ ஆயிட்ட. நாங்க?”

நல்லவள் என்றால் 8 ஜூலையிலேயே ஆகியிருக்க வேண்டும். சோற்றைச் சாப்பிட்டேன். பசித்தது.

17 ஆகஸ்டு, ஞாயிறு

முடிவு வந்துவிட்டது. அழகேசன் திரும்ப வேலைக்கு வரலாம். ஆனால் ஓர் எச்சரிக்கைக் கடிதம், ‘கட்டளையின் விளைவை உணராமல் செயல்பட்டதற்காக’. உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லிவிட்டு, உணரவும் வேண்டுமாம்.

ஜெயகுமாருக்கு ஒரு கடிதம். இந்த வருடம் அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு இல்லை.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. ‘பதிவை மாற்றியதற்காக’ என்று காரணம். சரியான காரணம்தான்.

நிரலை யாரும் தொடவில்லை. kosong என்று மட்டும் அடித்தால் இன்னமும் நான்கும் காலியாகும்.

31 ஆகஸ்டு, ஞாயிறு

கடைசி நாள். வெளியே சுதந்திர தினக் கொடிகள். மாலை ஐந்துக்குள் கடவுச்சொல் வேலை செய்யாமல் போகும் என்றார்கள். அதற்குள் எத்தனை முடியுமோ அத்தனை பதிவுகளைத் திறந்து, கட்டளைகளுக்கு ‘மடிக்காதே’ போட்டேன். மிக நீளமான கட்டளைகள் அப்படிப் போட்டால் திரைக்கு வெளியே ஓடிவிடும். அவற்றைப் பத்தியிலிருந்து பிரித்துத் தனி வரியில் வைத்தேன். யாரும் சொல்லவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. இருநூற்றுப் பதினாறாவது பதிவில் திரை வெளுத்து, ‘அனுமதி இல்லை’ என்று வந்தது. மணி நாலு ஐம்பத்தெட்டு.

9 செப்டம்பர், செவ்வாய்

டியூஷன் சென்டரில் கூப்பிடுகிறோம் என்றார்கள். அறை பார்க்கப் போனேன், தாமான் ரியாவில். தனியாக இருக்கிற பெண்ணுக்குத் தர வீட்டுக்காரர் யோசிக்கிறாராம். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு என்ன ஆபத்து வரும் என்று நினைக்கிறாரோ, அல்லது அவருக்கு என்னால் வருமோ.

திரும்பி வந்தபோது சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மேசையில் எதுவும் இல்லை, நடுங்குவதற்கு.

18 செப்டம்பர், வியாழன்

இராசாத்தி படம் அனுப்பியிருக்கிறாள். நிர்வாகம் கைபேசிப் பதிவை நம்புவதில்லை என்று முடிவெடுத்து, லைன் 4க்கு உரிய பதிவுகளை எல்லாம் அச்சடித்து லாக்கர் நடையின் சுவரில் ஒட்டிவிட்டார்களாம். முப்பத்தொரு தாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். யாரோ புதிதாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். தாள் செலவைக் குறைக்க ஒரு பக்கத்தில் மூன்று பத்திகள், நாளிதழ் மாதிரி ஒடுக்கமாக. வயதானவர்களுக்காக எழுத்து பெரிது. முதல் தாளிலேயே: kosong. அதற்குக் கீழ்வரியில் tangki-3.

படத்தை ஜெயகுமாருக்கு அனுப்பினேன். அவர் கூடத்தில்தான் இருந்தார், என் கதவிலிருந்து பத்தடி. ஆறு வாரமாக நேரில் பேசுவதில்லை. கீழே எழுதினேன்: “தாள்ல வரி உடையுது. பாத்து குடுங்க.”

அவருடைய கைபேசி ஒலித்தது இங்கே கேட்டது. சற்று நேரத்தில் பதில்: “நோட்டட்.”

21 செப்டம்பர், ஞாயிறு

இராசாத்தியிடமிருந்து இன்னொரு படம். அதே சுவர், அதே தாள்கள். யாரும் மாற்றி ஒட்டவில்லை.

ஆனால் மேல்வரியின் கடைசியிலிருந்து கீழ்வரியின் தொடக்கத்துக்கு, சிவப்பு மார்க்கரால் ஒரு வளைவு. குழந்தைகள் கயிறு வரைவதுபோல் தடிமனாக. முதல் தாளில் மட்டும் இல்லை. வரி உடைந்த ஒவ்வொரு இடத்திலும், எல்லாத் தாளிலும்.

யார் போட்டது என்று கேட்டேன்.

குரலில் பதில் அனுப்பினாள். பின்னால் லாக்கர்க் கதவுகள் மோதும் சத்தம். “அழகேசன் அண்ணன் க்கா. ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து நின்னு போட்டாரு. சூப்பர்வைசர் வந்து, யாரு ஒன்ன போஸ்ட மாத்தச் சொன்னதுனு சத்தம் போட்டாரு. இவரு திரும்பிக் கூட பாக்கல. எல்லாத் தாளும் முடிச்சிட்டுத்தான் மார்க்கர மூடினாரு.”

அதை இரண்டு முறை கேட்டேன். பிறகு கூடத்துக்குப் போய், காஞ்சனா மடித்துக்கொண்டிருந்த துணியில் பாதியை என் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் எழுந்து போகவில்லை.